450 என்று எழுதியிருந்தது

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். அக்கா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 290 கி.மீ. அக்காவும் உடன் வந்தாள். மாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். என் மின்காரில் பேட்டரி 94 சதவீதம். இன்னும் 418 கி.மீ. ஓடும் என்று டாஷ்போர்டு காட்டியது. கார் வாங்கும்போது கையில் கொடுத்த தாளில், முழு சார்ஜில் ஓடும் தூரம் 450 என்று எழுதியிருந்தது. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நூறு கி.மீ.க்கு மேல் மிச்சம். அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

வெளியே 4 டிகிரி. கிளம்பும்போது தூறலாக இருந்தது, சீக்கிரமே மழையாகப் பிடித்துக்கொண்டது. காற்று நேர் எதிரே. நெடுஞ்சாலை ஏறியதும் வேகத்தை 110-இல் வைத்தேன், அப்பாவுக்காக ஹீட்டரை 23-இல் வைத்தேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் எண்ணைப் பார்த்தேன். 40 கி.மீ. ஓடியதற்கு 40 குறைந்திருக்க வேண்டும். நூறு குறைந்திருந்தது. நான்தான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். 80 கி.மீ. ஓடியபோது அந்த எண் 198. போக வேண்டிய தூரம் 210.

"இன்னும் எவ்வளவு காட்டுது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். அவள் திரும்பி அப்பாவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

வழியில் இருந்த ஒரே விரைவு சார்ஜரில் ஒரு வண்டி நின்றிருந்தது, பின்னால் இரண்டு காத்திருந்தன. எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அப்பாவை அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் உட்கார வைக்க மனம் வரவில்லை. வேகத்தை 80-க்குக் குறைத்தேன். ஹீட்டரை அணைத்தேன். ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து, எதிரே வரும் விளக்குகள் எல்லாம் மங்கலான வட்டங்களாகிவிட்டன. அக்கா துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி படிந்தது. கண்ணாடிக்கு மட்டும் ஒரு நிமிடம் சூடான காற்றைப் போடுவேன், தெளிந்ததும் அணைப்பேன். இரண்டே முக்கால் மணி நேரம் இப்படியே போனது.

"எனக்கு ஒண்ணும் குளிரலைப்பா, நீ பாத்து ஓட்டு" என்றார் அப்பா. கண்ணாடியில் பார்த்தேன். சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது 5 சதவீதம் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். 450 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி, கீழே மிகச் சிறிய எழுத்தில், டபிள்யூஎல்டிபி (WLTP) என்ற சோதனை முறைப்படி அளந்தது என்ற குறிப்பு. வாங்கும்போது அதை நான் பார்க்கவே இல்லை. ஏமாற்றப்பட்டேன் என்ற கோபம் பல நாள் இருந்தது. அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன், ஒவ்வொரு பயணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதவும் ஆரம்பித்தேன். எத்தனை கி.மீ., சராசரி வேகம், வெளி வெப்பநிலை, மழையா காற்றா, எத்தனை சதவீதம் குறைந்தது. மூன்று வருடம் ஆகிறது. இப்போது எனக்குத் தெரிவது இதுதான்: 450 பொய் இல்லை. நான் கேட்காத ஒரு கேள்விக்கு அது சரியான பதில். நான் கேட்க வேண்டிய கேள்வியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காரைச் சாலையில் ஓட்டி அளப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். காற்றும் டயர் உராய்வும் எவ்வளவு எதிர்ப்புத் தருமோ அதை முன்பே அளந்து, அந்த அளவுக்கு உருளைகளைக் கனக்க வைக்கிறார்கள். எந்த நொடியில் எந்த வேகம் என்பது எழுதி வைத்த அட்டவணை. டபிள்யூஎல்டிபியில் அந்த அட்டவணை 1800 நொடி, அதாவது சரியாக அரை மணி நேரம். அதில் கார் 23 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடும். சராசரி வேகம் 46.5 கி.மீ. உச்சம் 131, ஆனால் அது சில நொடிகள்தான். அறையின் வெப்பநிலை 23 டிகிரி. ஏசி, ஹீட்டர் இரண்டும் அணைந்திருக்கும். மழை இல்லை, எதிர்க்காற்று இல்லை, மேடு இல்லை. என் பயணத்தில் எவையெல்லாம் இருந்தனவோ அவையெல்லாம் அங்கே இல்லை.

இத்தனைக்கும் இது முந்தையதைவிட நேர்மையான முறை. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரில் புதிய மாடல்களுக்கும், ஒரு வருடம் கழித்து எல்லாப் புதிய கார்களுக்கும் இது வந்தது. அதற்கு முன் இருந்த என்இடிசியின் சராசரி வேகம் 34 கி.மீ.கூட இல்லை. வேகம் சீராக ஏறும், சீராக இறங்கும், நடுவில் நிறைய நேரம் சும்மா நிற்கும். யாரும் அப்படி ஓட்டுவதில்லை. இந்தியாவின் எம்ஐடிசி அதே என்இடிசியை ஒட்டி, உச்ச வேகத்தை 90-ஆகக் குறைத்து அமைத்தது. சீனாவின் சிஎல்டிசியில் சராசரி 29 கி.மீ., உச்சம் 114. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ மட்டும் வேறு வழியில் போகிறது. நகரச் சுழற்சியிலும் நெடுஞ்சாலைச் சுழற்சியிலும் ஓட்டிக் கிடைத்த தூரத்தை அப்படியே வெளியிடாமல், பொதுவாக 0.7-ஆல் பெருக்குகிறது. வேகமாக ஓட்டுபவர்கள், ஏசி, குளிர் எல்லாவற்றுக்குமாக முன்கூட்டியே முப்பது சதவீதத்தை வெட்டிவிடுகிறது. கூடுதல் சோதனைகள் செய்து காட்டும் நிறுவனங்கள் வேறு காரணியைப் பயன்படுத்தலாம், ஆனால் அடிப்படை இதுதான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் நிஸான் லீஃப். 40 யூனிட் பேட்டரியோடு வந்த மாடல். ஜப்பானின் அப்போதைய ஜேசி08 முறையில் அதற்கு 400 கி.மீ. என்இடிசியில் 378. டபிள்யூஎல்டிபியில் 270. இபிஏவில் 243. ஒரே கார், ஒரே பேட்டரி. 400-ஐ நம்பி வாங்கியவரும் 243-ஐ நம்பி வாங்கியவரும் ஒரே வண்டியைத்தான் வீட்டுக்கு ஓட்டிப் போனார்கள். ஒருவர் ஏமாந்ததாக நினைத்திருப்பார், இன்னொருவர் எதிர்பார்த்தது கிடைத்தது என்று நிம்மதியாக இருந்திருப்பார். ஆகவே யாராவது ஒரு ரேஞ்ச் எண்ணை, அதாவது முழு சார்ஜில் ஓடும் தூரத்தை, சொன்னால், எந்த முறை என்று முதலில் கேளுங்கள். அது தெரியாமல் இரண்டு கார்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

யூனிட் என்று சொன்னது கிலோவாட் மணியைத்தான். மின் மீட்டரில் ஓடும் அதே யூனிட். என் காரில் பயன்படுத்தக்கூடிய அளவு 60 யூனிட். பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் என் மொத்த பேட்டரியும் ஏழு லிட்டர் பெட்ரோலுக்குக்கூடச் சமமில்லை. அந்த ஏழு லிட்டரை வைத்து 1800 கிலோ வண்டி 400 கி.மீ. ஓடுகிறது என்றால், மோட்டார் ஏறக்குறைய எதையும் வீணாக்காததால்தான். பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே விடுகிறது. எதிர்க்காற்று அடித்தாலும் குளிர் வந்தாலும், ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கும் பெரிய குவியலில் அது ஒரு சின்னக் கூடுதல். அதிலும் ஹீட்டருக்கு வேண்டிய சூடு அந்த வீணிலிருந்தே இலவசமாக வருகிறது. மின்காரில் வீண் இல்லை, அதனால் மறைந்துகொள்ள இடமும் இல்லை. காற்று, குளிர், மழை, மேடு ஒவ்வொன்றும் உடனே எண்ணில் தெரிகிறது. பெட்ரோல் காரில் நாம் வாழ்நாள் முழுக்கக் கவனிக்காமல் இருந்ததை மின்கார் முகத்துக்கு நேரே சொல்கிறது, அவ்வளவுதான்.

இதில் மிகப் பெரியது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. படிக்கும்போது பள்ளிப் பாடம் போல இருக்கும், ஆகவே என் காருக்கு ஏறக்குறையப் பொருந்தும் அளவுகளை வைத்து நானே கணக்குப் போட்டேன். எடை 1800 கிலோ, முன்பக்கப் பரப்பு 2.3 சதுர மீட்டர், காற்றிழுவைக் குணகம் 0.28, சமதரை, காற்று இல்லை, இதமான வெயில். சீராக 60 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு கி.மீ.க்கு 100 வாட் மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது (ஆயிரம் வாட் மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). 60 யூனிட்டில் 600 கி.மீ. ஓடும். 80-இல் 122 வாட் மணி, 490 கி.மீ. 100-இல் 155, அதாவது 385 கி.மீ. 120-இல் 195, அதாவது 308 கி.மீ. ஒரே கார், ஒரே நாள், ஒரே சாலை. வலது கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டும்தான் வேறு.

தாளில் இருந்த 450 எந்த வேகத்தில் வருகிறது என்று இந்தக் கணக்கிலேயே தேடிப் பார்த்தேன். 85-க்கும் 90-க்கும் இடையில். இதமான நாளில், மற்ற வண்டிகள் எல்லாம் நம்மைத் தாண்டிப் போக, 90-க்குள்ளேயே ஓட்டினால் அந்த எண் கைக்கு வரும். ஒரு முறை வேண்டுமென்றே அப்படி ஓட்டிப் பார்த்தேன். வந்தது.

எதிர்க்காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அது. நாம் 100-இல் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காற்றின் எதிர்ப்பு 120-இல் போவதற்குச் சமம். மரக்கிளை அசைகிற அளவுக் காற்றுதான் அது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். அன்று இரவு எனக்கு எதிரே அடித்தது ஏறக்குறைய அப்படிப்பட்ட காற்றுதான். 110-இல் போவதாக நான் நினைத்தேன், என் காருக்கு அது 130. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது வேறு. மழையில் டயர்கள் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும், அதற்கும் ஆற்றல் போகும். அன்று முதல் 80 கி.மீ.க்கு ஒரு கி.மீ.க்கு 240 வாட் மணி ஆகியிருந்தது. பின்னாளில் குறிப்பேட்டில் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது ஒவ்வொன்றும் அதன் அதன் இடத்தில் பொருந்தியது. மர்மம் எதுவும் இல்லை.

குளிருக்கு வருகிறேன். இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து இங்கே நம்மை அடிக்கின்றன. லித்தியம் பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை, குளிரில் அது மந்தமாகும். உள் மின்தடை கூடும், வெளியே எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் கொஞ்சம் உள்ளேயே சூடாகப் போகும். பிரேக் போடும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தையும் குளிர்ந்த பேட்டரி வாங்கிக்கொள்ளாது, காரின் கட்டுப்பாட்டு அமைப்பே அதைக் குறைத்துவிடும். முதல் சில கி.மீ.க்கு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வழக்கம்போல இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் காரணம்.

இதைவிடப் பெரியது ஹீட்டர். என் காரில் இருப்பது மின்தடை ஹீட்டர், ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு. வெளியே இருக்கும் சூட்டை உள்ளே இறைக்கும் ஹீட் பம்ப் இருக்கும் கார்களில் ஒரு யூனிட்டுக்கு, வெளி வெப்பநிலையைப் பொறுத்து, இரண்டு மூன்று யூனிட் சூடு வரும். கடுங்குளிரில் அந்த ஆதாயமும் குறையும். வாங்கும்போது ஹீட் பம்ப் உண்டா என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. குளிர் பிரதேசத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-இல் ஐந்து மின்கார்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. சுமார் −7 டிகிரியில், ஹீட்டர் போட்டு ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் இல்லாமல் அதே குளிரில் 12 சதவீதம்தான் குறைந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த இரவு நடந்தது முழுவதும் எனக்கு விளங்கியது. 35 டிகிரி வெயிலில் ஏசியோடு 17 சதவீதம் குறைந்தது. வெயிலைவிடக் குளிர் ஏன் இவ்வளவு மோசம் என்றால், 35-இலிருந்து 24-க்குக் கொண்டுவர 11 டிகிரி போதும், −7-இலிருந்து 22-க்கு ஏற்ற 29 டிகிரி வேண்டும்.

ஹீட்டரில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் குறிப்பேடுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஹீட்டர் நேரத்துக்குச் சாப்பிடுகிறது, தூரத்துக்கு இல்லை. 3 கிலோவாட் ஹீட்டர் 110 வேகத்தில் ஒரு கி.மீ.க்கு 27 வாட் மணிதான் கூட்டும். அதே ஹீட்டர், நகர நெரிசலில் 30 வேகத்தில், ஒரு கி.மீ.க்கு 100 வாட் மணி கூட்டும். அதாவது செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் குறிப்பேட்டில் இருக்கும் ஆக மோசமான எண்கள் நீண்ட பயணங்களில் வந்தவை அல்ல. குளிர்காலக் காலைகளில் ஐந்து கி.மீ. போய் நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஐந்து கி.மீ. போனவை. ஒவ்வொரு முறையும் ஆறிப்போன இருக்கையையும் கண்ணாடியையும் காற்றையும் முதலிலிருந்து சூடாக்க வேண்டியிருக்கிறது. சூடாகி முடிக்கும்போது இறங்க வேண்டிய இடம் வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாள்களில் இருக்கைச் சூட்டை மட்டும் போட்டுக்கொள்வது நல்ல பலன் தரும், அதற்கு மிகக் கொஞ்சமே ஆகும். வண்டி சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே, கிளம்புவதற்கு முன் உள்ளே சூடாக்கிவிடுவது அதைவிட நல்லது.

இவையெல்லாம் நிறுவனங்களுக்குத் தெரியாதவை அல்ல. தென் கொரியாவில் 2023 ஜனவரியில் அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம், குளிரில் ரேஞ்ச் வெகுவாகக் குறையும் என்பதை வாங்குபவர்களுக்குச் சொல்லவில்லை என்று டெஸ்லாவுக்கு 285 கோடி வான் அபராதம் விதித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, நான் கேட்க நினைத்ததை யாரோ அதிகாரத்தோடு கேட்டிருக்கிறார்கள் என்று ஆறுதலாக இருந்தது. குளிரில் குறைவது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம் என்பது அதன் சாரம், எனக்கு அது முழுக்க உடன்பாடு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இதமான பருவத்தில், நகரத்துக்குள், நாற்பது ஐம்பது வேகத்தில் ஓட்டினால் என் கார் தாளில் இருப்பதைவிட அதிகமாகவே ஓடுகிறது. நின்று நின்று போகும் சாலையில் பெட்ரோல் கார் திணறும், மின்கார் அங்கேதான் நன்றாக ஓடும். வேகம் குறைவு, காற்று எதிர்ப்பு குறைவு, பிரேக் போடும் ஆற்றலில் பெரும்பங்கு திரும்பி வருகிறது. போக்குவரத்து நெரிசலில் மாட்டினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நிற்கும் காரில் மோட்டாருக்கு எதுவும் தேவையில்லை. உள்ளே ஒரு முறை குளிர்ந்த பிறகு ஏசிக்கு மணிக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் போதும். பாதி பேட்டரி இருந்தால் ஓர் இரவு முழுக்க நிற்கலாம்.

மேடுகள் பற்றி அதிகம் இல்லை. 1800 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இழப்புகளோடு சேர்த்து, ஐந்தரை யூனிட் ஆகும். அது நீங்கள் எந்த வேகத்தில் ஏறினாலும் ஆகும். இறங்கும்போது மூன்றில் இரண்டு பங்குபோலத் திரும்பி வரும். ஒன்றே ஒன்று, மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். வாங்கி வைக்க இடம் இல்லாததால் திரும்பி வர வேண்டியதெல்லாம் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். டயர் காற்றழுத்தத்தையும் பாருங்கள். பத்து டிகிரி குளிர்ந்தால் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கிவிடும்.

டாஷ்போர்டில் தெரியும் மீதி தூரத்துக்கு வருவோம். அன்று என்னைத் தாளைவிட அதிகம் ஏமாற்றியது இதுதான். 418 என்று அது சொன்னது எப்படி என்றால், முந்தைய சில நாள்கள் நான் அக்காவின் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் செலவை வைத்து, இனியும் இப்படியே ஓட்டுவான் என்று கார் கணக்குப் போட்டது. பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் எவ்வளவு என்று சொல்கிற எண் அது. மலை ஏறி முடித்தவுடன் பார்த்தால் நடுங்க வைக்கும், இறங்கி முடித்தவுடன் பார்த்தால் ஆசை காட்டும். சில கார்களில் வழிகாட்டியில் போகும் இடத்தைப் போட்டால் மேடு, வேகம், வெப்பநிலை எல்லாம் சேர்த்து, போய்ச் சேரும்போது எத்தனை சதவீதம் இருக்கும் என்று சொல்லும். அதை நம்பலாம். வெறும் கி.மீ. எண்ணை நான் இப்போது திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். சதவீதமும், ஒரு கி.மீ.க்கு எத்தனை வாட் மணி ஆகிறது என்பதும் மட்டும் தெரிகிறது. வகுத்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயத்தை ரேஞ்ச் பற்றிப் பேசும்போது அனேகமாக யாரும் சொல்வதில்லை. நெடும்பயணத்தில் முழு பேட்டரியும் உங்களுக்குக் கிடைப்பதில்லை. விரைவு சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறும் வேகம் வெகுவாக விழுந்துவிடும். செல்களின் மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கியதும், கெடாமல் இருக்க மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். 10-இலிருந்து 80 வரை அரை மணி நேரத்தில் ஏறும் வண்டிக்கு, 80-இலிருந்து 100 வரை ஏற அதே அளவு நேரமோ அதற்கு மேலோ ஆகும். கீழே 10 சதவீதத்துக்குள் போக யாருக்கும் தைரியம் வராது, வரவும் கூடாது. ஆகவே முதல் கட்டத்தைத் தவிர, ஒரு சார்ஜரிலிருந்து அடுத்ததுக்கு உங்களிடம் இருப்பது 70 சதவீதம். என் காரில் அது 42 யூனிட். 120-இல் ஓட்டினால் 215 கி.மீ. குளிர்கால மழையில், அந்த இரவின் செலவில், 175 கி.மீ. தாளில் 450. கார் வாங்கக் கையெழுத்துப் போடும் ஒருவருக்கு 450-லிருந்து 175 வரை நடந்து காட்ட ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சார்ஜ் போடும்போது ஆகும் இழப்பையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து எடுக்கும் யூனிட் எல்லாம் பேட்டரிக்குள் போவதில்லை, பத்தில் ஒரு பங்கு போல வழியில் சூடாகப் போகும். அதிகாரப்பூர்வ செலவுக் கணக்கு சுவரில் அளந்தது, டாஷ்போர்டு காட்டுவது பேட்டரியில் அளந்தது. இரண்டும் ஒத்துவரவில்லையே என்று நான் ஒரு மாதம் குழம்பினேன், நீங்கள் குழம்ப வேண்டாம்.

மின்கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வருடத்தில் நீங்கள் போகும் ஆக நீளமான, ஆக மோசமான பயணம் எது? அதன் வேகம் என்ன, அந்தப் பருவம் எப்படி, வழியில் எங்கே நிற்கலாம்? அதற்குக் கணக்குப் போடுங்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது நகரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் ஏற்றி, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் இருபது கி.மீ. போய், அதே இருபது கி.மீ. திரும்பி வாருங்கள். இரண்டு திசையும் ஓட்டினால் காற்றும் மேடும் ஓரளவுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கி.மீ.க்கு எத்தனை வாட் மணி என்று பாருங்கள். பயன்படுத்தக்கூடிய பேட்டரி அளவை அதனால் வகுத்து, குளிருக்காக இன்னும் கால்பங்கு வெட்டிக்கொள்ளுங்கள். மீதியில் பத்தில் ஏழு பங்கு உங்களுடையது. அது உங்கள் பயணத்துக்குப் போதும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தினசரி ஓட்டத்துக்கு இவ்வளவும் தேவையே இல்லை. ஒரு நாளில் ஐம்பது, அறுபது கி.மீ. ஓட்டி இரவில் வீட்டில் சார்ஜ் போடுபவருக்கு ரேஞ்ச் ஒரு கவலையே கிடையாது.

நிறுவனங்களிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒற்றை எண்ணுக்குக் கீழே இன்னும் மூன்று எண்களை அதே அளவு எழுத்தில் போடுங்கள். 110 கி.மீ. சீரான வேகத்தில் எவ்வளவு, 35 டிகிரியில் ஏசியோடு எவ்வளவு, −7-இல் ஹீட்டரோடு எவ்வளவு. இவையெல்லாம் அவர்களால் அளக்கக்கூடியவைதான். சொல்லத்தான் வேண்டும்.

என் காரை நான் இன்னும் விரும்புகிறேன். அது என்னிடம் எதையும் மறைத்ததில்லை, கேட்கக் கற்றுக்கொள்ள எனக்குத்தான் நாளானது.

போன குளிர்காலத்தில் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு மறுபடி அழைத்துப் போனோம். திரும்பி வரும்போது அதே 290 கி.மீ., வெளியே 3 டிகிரி. இந்த முறை நூறு சதவீதத்தில் கிளம்பினேன். வேகம் 100-க்கு மேல் போகவில்லை. 160 கி.மீ.யில் சார்ஜர் இருக்கும் இடத்தை முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன், அதற்கடுத்தது எங்கே என்பதையும். 45 சதவீதத்தில் மாட்டினேன், 78-இல் எடுத்தேன். அப்பா காரை விட்டு இறங்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தோளில் போட்டிருந்த சால்வையை எப்போதோ மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து 33 சதவீதம் என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஒரு கி.மீ.க்கு 205 வாட் மணி. அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, குறிப்பு என்ற கட்டத்தில் அவள் எழுத்தில் எழுதினாள்: "ஹீட்டர் 23, முழு வழியும்."